பிஸ்கட் கொடுக்காத மாமா

அக்கா வீட்டு நடையில், குடை மாட்டுகிற ஆணியில், பத்து வருஷமாக ஒரு துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. வாங்கியபோது நீலம். இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு, நடுவே முறுக்கேறி, துவைத்துத் துவைத்துச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் கைதுடைக்க அதில் கை வைப்பார்கள். “ஐயோ, அது சுளையோடதுங்க” என்று அக்கா அடுப்படியிலிருந்து ஓடிவருவாள். சுளை என்பது எங்கள் நாய். அந்தத் துண்டைக் கவ்வி இழுத்து விளையாடுவதுதான் அவளுக்குச் சம்பளம். அவள் பார்த்த எந்த வேலைக்கும் அரை பிஸ்கட்கூடக் கூலியாக வாங்கியதில்லை. வாங்கவிட்டதில்லை என் மாமா.

மாமா என்று நான் சொல்வது அக்காவின் கணவரை. போலீஸ் நாய்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர்தான் ஓய்வு பெற்றார்; மீசையும் முதுகும் பெறவில்லை. சட்டையை இஸ்திரி போடாமல் வாசலுக்குக்கூட வரமாட்டார். நான் மஞ்சக்குப்பத்தில் அரசு அலுவலகங்களுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம் என்று ஒன்று நடந்து அது சரிப்படாமல் திரும்பி வந்தபோது, “மாடி சும்மாதான கெடக்குது, இங்கயே இரும்மா” என்று சொன்னவர் அவர். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டதில்லை. அந்த நன்றி எனக்கு உண்டு. இருந்தாலும் அவரைச் சீண்டாமல் என்னால் ஒரு நாளும் இருக்க முடிந்ததில்லை.

சுளையைப் பண்ருட்டியிலிருந்து கொண்டுவந்தார். முந்திரிக் கிடங்கு வைத்திருக்கும் ஒருவரின் காவல் நாயைப் பார்க்கப் போனவர், மண்டியில் லாரிக்கு அடியில் பலாச் சக்கைக்குள் முகத்தை விட்டுக்கொண்டு நின்ற மஞ்சள் நிறக் குட்டியைத் துணிப்பையில் போட்டு எடுத்து வந்துவிட்டார். மூக்கெல்லாம் பலாப்பால் ஒட்டிக் கிடந்தது. எண்ணெய் தடவித் துடைத்தபடியே அக்கா, “ஊர்ல இருக்கிறவனெல்லாம் ஆயிரமாயிரமா குடுத்து நாய் வாங்கிட்டு வந்து உங்ககிட்ட விடுறான். நீங்க என்னடான்னா சக்கை தின்ன வந்தத தூக்கிட்டு வர்றீங்க” என்றாள். மாமா சிரித்தார். சுளை என்ற பெயர் அப்போது வந்ததுதான்.

ஓய்வுக்குப் பிறகு காலை நேரத்தில் மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஊர்க்காரர்களின் நாய்களைப் பழக்கிக்கொண்டிருந்தார். நாய்களைவிட நாய்க்காரர்களைப் பழக்குவதுதான் அவருக்குப் பெரும்பாடு. வங்கி மேலாளர் ஒருவர் பாக்கெட் நிறைய பிஸ்கட்டோடு வருவார். அவருடைய கொழுத்த லாப்ரடார், பாக்கெட் காலியாகும் வரை சொன்னதெல்லாம் செய்யும். காலியானதும் அவரை முன்பின் தெரியாதவர் மாதிரி பார்க்கும். “சார், பிஸ்கட்டுக்கு வேலை செய்யிற நாய், பிஸ்கட் வச்சிருக்கிறவனுக்கெல்லாம் வேலை செய்யும்” என்பார் மாமா. பிறகு அந்த டீக்கடைக் கதையைச் சொல்வார். அவருடைய சர்வீஸில் தீனி காட்டிப் பழக்கிய நாய் ஒன்று, திருட்டு நடந்த வீட்டில் மோப்பம் பிடித்து, நேரே டீக்கடை பஜ்ஜித் தட்டுக்கு முன்னால் போய்ப் படுத்துக்கொண்டதாம். கூடி நின்ற ஊரே டீ மாஸ்டரின் சட்டையைப் பிடித்துவிட்டதாம். இந்தக் கதையை நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். உண்மையான காரணத்தை அக்காதான் ஒருநாள் சொன்னாள். போலீஸில் சேரும் முன், இருபது வயதில், ஒரு முந்திரிக் கிடங்கில் அவர் காவலுக்கு இருந்திருக்கிறார். பிஸ்கட் கொடுத்தே ஒரு நாயை வளர்த்திருக்கிறார். திருட வந்தவன் விஷம் வைத்த கறியை வீசினான். வாங்கித் தின்றுவிட்டு அது மாமாவின் மடியில் தலை வைத்துச் செத்தது. அதை அவர் வாய் திறந்து சொல்லி நான் கேட்டதில்லை.

சுளைக்கு அவர் சொல்லிக்கொடுத்த விதத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அடி கிடையாது. “அடிச்சா பயப்படும். பயந்தது ஓடுற வழியத்தான் பாக்கும், உன் வாயப் பாக்காது” என்பார். தீனியும் கிடையாது, வேளைக்கு வேளை தட்டில் சோறு விழும், வேலைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நீளக் கயிறு ஒன்றைக் கழுத்துப் பட்டையில் கட்டிவிட்டு ஒரு சொல்லை ஒரே ஒரு தரம் சொல்வார். அவள் செய்கிற வரைக்கும் காத்திருப்பார். ரெண்டாம் தரம் சொன்னால் முதல் தரம் சொன்னதற்கு மதிப்பு இல்லாமல் போய்விடுமாம். செய்ததும், அந்த விறைப்பான மனிதர் அப்படியே தரையில் மண்டியிட்டு, “சபாஷ்டி என் ராசாத்தி” என்று அவள் காதுகளைப் பிடித்து உலுக்குவார். தோளில் கிடந்த துண்டு கைக்கு வரும். இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து மைதானத்துப் புழுதியில் மல்லுக்கு நிற்பார்கள். சொன்னதை நன்றாகச் செய்த வாரம் என்றால் ஞாயிற்றுக்கிழமை சில்வர் பீச்சில் அலைக்குள் அவிழ்த்துவிடுவார். கதவைத் திறப்பது, கடலுக்கு விடுவது, துண்டை நீட்டுவது என்று அவளுக்குப் பிடித்த எல்லாமே அவர் கை வழியாகத்தான் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே அவர் குரல்.

இதில் எனக்கும் ஒரு வேலை இருந்தது. நான்தான் திருடி. அவள் ‘நில்லு’ என்ற சொல்லுக்கு நிற்கும்போது அவளைக் கெடுக்கப் பார்ப்பது என் உத்தியோகம். “வாம்மா திருடி, நேரமாச்சு” என்று காலையில் மாடிப்படிக்குக் கீழே நின்று கூப்பிடுவார். சுளையை நிறுத்திவிட்டு அவர் பத்தடி தள்ளிப் போய் நிற்பார். நான் சூடான பஜ்ஜியை அவள் மூக்குக்கு நேரே நீட்டுவேன். பெயர் சொல்லிக் கொஞ்சுவேன். கயிற்றைப் பிடித்து இழுப்பேன். அவள் நகரமாட்டாள், பஜ்ஜியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் மாமாவைப் பார்ப்பாள். அப்படி முகம் திருப்பினால்தான் சபாஷ். கடைசியில் நான் அவளைத் தூக்கிக்கொண்டுபோய் வேறு இடத்தில் விட வேண்டும். கீழே விட்டதும் அவள் நேரே நடந்து, முதலில் நின்ற அதே இடத்தில் போய் நிற்பாள். அவர் வாயால் “வாடி கண்ணு” என்று வந்தால்தான் அவளுக்கு விடுதலை. நான் சொன்னாலும் அக்கா சொன்னாலும் செல்லாது. ஒருநாள் அந்த ‘வாடி கண்ணு’வை அவர் குரலிலேயே என் போனில் பதிந்து போட்டுக் காட்டினேன். தலையைச் சாய்த்துக் கேட்டாள், நின்ற இடத்திலேயே நின்றாள். அன்றைக்கு மாமாவுக்கு இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே, பேரன் பிறந்த அன்றுகூட அவ்வளவு இல்லை.

“எங்களுக்கும் அவுத்துவிடச் சொல்லிக்குடுங்களேன். நீங்க ஊர்ல இல்லன்னா?” என்று அக்கா கேட்டாள்.

“நான் எங்க போறேன்? வீட்டுல இருக்கிறவங்க எல்லாரும் சொல்லலாம்னா, நாளைக்கு திருடனும் சொல்லுவான்.”

நாய் பழக்குகிற விஷயத்தில் மட்டும் நான் கேலி பேசுவதை விட்டது ஒரு சம்பவத்துக்குப் பிறகுதான். மாமாவோடு என் கடைக்கு வந்திருந்த சுளை, வாசலில் ஆடு ஒன்றைக் கண்டு கழுத்துப் பட்டையை உருவிக்கொண்டு ரோட்டை நோக்கிப் பாய்ந்தாள். நெல்லிக்குப்பம் பஸ் வந்துகொண்டிருந்தது. நான் கத்தினேன்; கடைக்கு வந்தவர்கள் கத்தினார்கள். அந்த இரைச்சலுக்குள் மாமாவின் குரல் ஒன்று, சத்தம் போடாமல், தெளிவாக, “நில்லு” என்றது. முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி அவள் ரோட்டோரத்திலேயே நின்றாள். பஸ் அவள் மீசையை உரசுகிற மாதிரி போயிற்று. கையில் இருந்த ஜெராக்ஸ் தாள்கள் பறந்து கிடக்க, நான் ரோட்டில் உட்கார்ந்து அழுதேன். மாமா அவளைத் தூக்கிக்கொண்டு வந்து, “இந்த ஒரு வார்த்தைக்குத்தாம்மா இவ்வளவு பாடும்” என்றார்.

போன தை மாதம் ஒரு காலையில் குளியலறையில் விழுந்தார். கடலூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுச் சிதம்பரத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். மூளையில் இடது பக்கம் ரத்த ஓட்டம் அடைத்துவிட்டது. வலது கையும் காலும் போயின; முகத்திலும் ஒரு பாதி அசையவில்லை. மூன்றாம் நாள் கண் விழித்து எங்களைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது, கண் கலங்கியது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். “நில்லு” என்றார்.

அக்கா அப்படியே நின்றுவிட்டாள். தண்ணீர் எடுக்கத் திரும்பியவள், சொம்பும் கையுமாக. முப்பத்திரண்டு வருஷம் அவர் சொல்லைக் கேட்டுப் பழகியவள். எதற்காக நிற்கச் சொல்கிறார் என்று பக்கத்தில் போய்க் குனிந்து கேட்டாள். “நில்லு” என்றார். ஊசி போட வந்த நர்ஸிடம் “நில்லு.” போர்வை வேண்டுமா என்றால் “நில்லு.” தான் சொல்ல நினைத்தது அது இல்லை என்று அவருக்கே தெரிந்தது. தலையை ஆட்டுவார், கண்ணை இறுக்கி மூடுவார், மறுபடி முயல்வார், மறுபடியும் அதுவே வரும். வாய் குழறியிருந்தாலாவது பரவாயில்லை. அந்தச் சொல் மட்டும் மைதானத்தில் ஒலித்த அதே சுத்தத்தோடு வந்தது. டாக்டரம்மா எங்களை வராண்டாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். “நீங்க பேசுறது அவருக்கு புரியுது. பதில் சொல்றதுதான் வரல. சில பேருக்கு இப்படி ஒரே ஒரு வார்த்தை தங்கிடும். அத அவரால அடக்கவும் முடியாது, மாத்தவும் முடியாது. போகப் போக பாக்கலாம்.”

ஐந்து வாரம். மதியம் கடையை அடைத்துவிட்டு, சாப்பாட்டுக் கூடையோடு நான் தினமும் சிதம்பரம் பஸ் ஏறுவேன். பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருவாள். மாம்பழப் படத்தைக் காட்டி “என்னங்கய்யா இது?” என்பாள். “நில்லு” என்பார் மாமா. குடை, பசு, நாற்காலி எல்லாமே நில்லுதான். அக்கா ஸ்ரீமுஷ்ணம் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டாள். நான் வேண்டிக்கொள்ளவில்லை. எனக்குக் கோபமாக இருந்தது. இத்தனை ஆயிரம் சொற்கள் இருக்கும்போது, ‘வா’ என்ற ஓரெழுத்தையாவது விட்டுவைத்திருக்கக் கூடாதா என்று புதுச்சத்திரம் தாண்டுகிற வரை மனசுக்குள் யாரையோ திட்டிக்கொண்டே வருவேன். வீட்டில் சுளைக்கு ஒன்றும் சொல்லாமல் தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். வாசலைப் பார்ப்பாள், பிறகு தின்பாள்.

அது முடிந்து அவர் வீடு திரும்பினார். வேனிலிருந்து இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரில் இறக்கினார்கள். முருங்கை மரத்தடியில் படுத்திருந்த சுளை காற்றில் மூக்கை நீட்டினாள். அப்படி ஒரு ஊளையை அவளிடம் நான் கேட்டதில்லை. உடம்பு முழுக்க வாலாக ஓடிவந்தாள். மாமாவின் முகம் மலர்ந்தது. விழுந்த நாளிலிருந்து அந்தப் பாதி முகத்தில் நாங்கள் பார்த்த முதல் சிரிப்பு. இடது கையை நீட்டினார், வாயைத் திறந்தார்.

“நில்லு!”

நான்கடி தூரத்தில் நின்றாள். முன்னங்கால் ஒன்று தூக்கியபடி. உடம்பு நடுங்குகிறது, வால் ஆடுகிறது, கண் அவர் வாயிலேயே இருக்கிறது. மாமா பதறிவிட்டார். மறுபடி கூப்பிட்டார். “நில்லு. நில்லு.” ஒவ்வொரு தடவையும் அவள் இன்னும் விறைப்பாக நின்றாள். நான் ஓடிப்போய் “வாடி, போடி அவருகிட்ட” என்று கெஞ்சினேன். பட்டையைப் பிடித்து இழுத்தேன். தூக்கிக்கொண்டுபோய் ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் விட்டேன். அவள் திரும்பி நடந்து, நின்ற இடத்திலேயே போய் நின்றாள். போனில் அவர் குரலைப் போட்டேன். தலையைச் சாய்த்துக் கேட்டாள். நான் என்ன செய்தாலும் அது அவளுக்குத் திருடி செய்வதுதான். எதையெல்லாம் செய்து அவளை மாமாவிடம் சேர்க்கப் பார்த்தேனோ, அதையெல்லாம் மறுக்கத்தான் அவளுக்கு நானே வருஷக்கணக்காகக் கற்றுக்கொடுத்திருந்தேன். ஸ்ட்ரெச்சரை உள்ளே கொண்டுபோனார்கள். அவள் வெயிலில் நின்றாள். சாயங்காலம் கால் தள்ளாடி அவளாகவே படுத்துக்கொண்டபோது, முகத்தில் தப்புச் செய்துவிட்ட களை இருந்தது.

பிறகு வந்த நாட்களில் மாமாவுக்கு இருந்தது ஒரே ஆசைதான். அவள் பக்கத்தில் வர வேண்டும், தலையைத் தடவ வேண்டும். நடக்க வேண்டும், பேச வேண்டும் என்றெல்லாம்கூட அவ்வளவாக மெனக்கெடவில்லை. அவளை உள்ளே விடுங்கள் என்று கண்ணால் கதவைக் காட்டுவார். சத்தம் வராமலிருக்க இடது கையால் வாயைப் பொத்திக்கொள்வார். சுளை கட்டிலை நோக்கி வருவாள். அவளைத் தொட வேண்டுமானால் அந்தக் கையைத்தான் எடுத்தாக வேண்டும். எடுப்பார். சந்தோஷத்தில் அந்தச் சொல் வந்துவிடும். அவள் நடு அறையில் நின்றுவிடுவாள்.

ஒருநாள் அப்படி நின்றபோது, அவர் என் கைப்பையைக் காட்டினார். எனக்கு முதலில் புரியவில்லை. விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோனார். அவர் கேட்டது பிஸ்கட். கடைக்கு ஓடிப்போய் வாங்கிவந்தேன். பிஸ்கட்டை நான் அவர் கையில் வைக்க, அந்த மனிதர், இருபது வயதுக்குப் பிறகு முதல் தடவையாக, ஒரு நாய்க்குப் பிஸ்கட்டை நீட்டினார். சுளை பார்த்தாள். முகத்தை மெதுவாகத் திருப்பிக்கொண்டாள். கடைக்கண்ணால் மாமாவைப் பார்த்தாள், சபாஷுக்காக. மாமாவின் வாய் அசைந்தது. எந்தச் சொல் வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிஸ்கட் போர்வையில் விழுந்தது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றிலிருந்து அவளை உள்ளே விடக்கூடாது என்று கையசைத்துவிட்டார். அவள் மூடிய கதவுக்கு வெளியே படுத்துக்கொண்டாள். இளைத்துப்போனாள். அக்கா இரண்டு பேருக்கும் நடுவில் கதவைத் திறந்தும் மூடியும் சமையலைக் கருக்கினாள்.

சக்கர நாற்காலி போன மாதம்தான் வந்தது. வெயில் படட்டும் என்று ஒரு காலையில் நான் அவரை வாசலுக்குத் தள்ளிக்கொண்டுபோனேன். நடையைத் தாண்டும்போது இடது கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். ஆணியில் இருந்த துண்டை எட்டி எடுத்தார். ஒரு முடிச்சை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார்.

“ஐயே, என்னங்க இது, அழுக்கு” என்று அக்கா ஓடிவந்தாள். அவர் விடவில்லை. பல் இறுகக் கடித்தபடி, கண்ணால் வாசல் கதவைக் காட்டினார். இஸ்திரி கலையாத சட்டையில் வாழ்ந்த மனிதர், நாய் கவ்விய துணியை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் எதை அடைத்து வைத்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அக்காவுக்கும் புரிந்திருக்க வேண்டும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

சுளை வந்தாள். தயங்கினாள், அவர் வாயைப் பார்த்தாள். சொல் எதுவும் இல்லை. துண்டின் மறுமுனை தொங்குகிறது. ஒவ்வோர் அடியாக வந்து அதைக் கவ்வினாள். முன்பெல்லாம் அவரையே மண்ணில் சாய்க்கிற மாதிரி இழுப்பவள், இப்போது இழுக்கவில்லை. சும்மா பிடித்துக்கொண்டு நின்றாள். மாமாவின் தொண்டைக்குள் ஒரு சிரிப்பு கிளம்பியது. வாய் திறந்தது, முடிச்சு நழுவியது.

“நில்லு.”

துண்டைக் கவ்வியபடியே சுளை இரண்டடி பின்வாங்கி நின்றாள். அவர் கை எட்டவில்லை. விரல்கள் காற்றைத் துழாவின. அக்கா அவள் வாயிலிருந்து துண்டை வாங்கப் பார்த்தாள். அதையும் அவள் விடவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள். பத்து வருஷமாக அந்த வீட்டில் எங்கள் எல்லோருக்கும் ஒரே யோசனைதான்: நாய் வர வேண்டும், நாய் வர வேண்டும். என் இரண்டு கையும் நாற்காலியின் பிடியில் இருந்தன. தள்ளினேன். ஒன்றரை அடி இருக்கும்.

கை அவள் தலையில் பட்டது. அவள் நடுங்கினாள், ஆனால் நகரவில்லை, நகரக்கூடாதே. அவர் காதைப் பிடித்து உலுக்கினார், நெற்றியைத் தடவினார், கழுத்துச் சதையைக் கொத்தாகப் பிடித்தார். வாய் ஓயாமல் கொஞ்சியது. “நில்லு... நில்லு... நில்லு...”

அந்த ஆணி இப்போது காலியாக இருக்கிறது. துண்டை நாற்காலியின் கைப்பிடியில் கட்டிவைத்திருக்கிறோம். காலையில் கடைக்குக் கிளம்பும் முன் நான் கீழே இறங்கி வருவேன். முன்பு போல “வாம்மா திருடி” என்று அவரால் கூப்பிட முடியாது. கையை மட்டும் காட்டுவார். பல்லில் துண்டு நிற்கிற வரை அவள் வருவாள். நழுவியதும் நிற்பாள். மீதித் தூரத்துக்கு நான் தள்ளுகிறேன்.